வெட்டச் சொன்ன ஓரம்

இது நடந்தது 2006-ம் வருஷம், தை மாசம். அப்போது நாங்கள் கொல்லிமலையில் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு கரண்ட் ஆபீஸில் வேலை. துறையூர்ப் பக்கமிருந்து மலைக்கு மாற்றல் வந்தபோது, "ரெண்டு வருஷம் எப்படியாவது ஓட்டிட்டு வந்துடுங்க" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி எங்களை வழியனுப்பி வைத்தார்கள். எனக்கு என்னவோ மலை பிடித்துவிட்டது. ஒரு வீடியோ கேமராவும் ஒரு கம்ப்யூட்டரும் கூடவே இருந்ததால், பொழுது போகவில்லை என்ற பேச்சே எழவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்த்தவள் நான். அங்கே பெண் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்களே தவிர, கேமராவைக் கையில் தர மாட்டார்கள். மலைக்கு வந்த பிறகுதான் நானே படம் எடுக்க ஆரம்பித்தேன். முதலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குழந்தையின் பிறந்தநாள், அப்புறம் ஒரு மஞ்சள் நீராட்டுச் சீர், அப்புறம் ஒரு நிச்சயதார்த்தம். பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் கேமராவோடு சகஜமாகப் போய்வர என்னால் முடியும் என்பதால், ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கூப்பிட்டார்கள். "கரண்ட் ஆபீஸ்காரர் ஊட்டு அம்மிணி" என்றால் சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் யார் வேண்டுமானாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. கீழேயிருந்து வருகிற ஆட்களில் சிலர் மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிவிடியில் அமுக்கித் திணித்துக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டிப் பார்த்தால் கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். படம் நீளமாக இருந்தால் இரண்டு டிஸ்க்காகப் பிரித்துக் கொடுப்பேன். டிஸ்க்கில் எழுதும்போது வேகத்தைக் குறைத்து வைத்து, நிதானமாக எழுத விடுவேன். அவசரத்தில் எழுதின டிஸ்க் என் பிளேயரில் ஓடும், உங்கள் பிளேயரில் திக்கும். டிஸ்க் மேல் மாப்பிள்ளை பெண் போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டித் தரச் சொல்வார்கள். அதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்க்க அழகாக இருக்கும், கொஞ்ச நாளில் ஸ்டிக்கர் ஓரம் பெயர்ந்து, சுழலும்போது தடதடவென்று ஆடும். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவதோடு சரி.

அந்த வருஷம்தான் வைட் ஸ்கிரீனில் எடுக்கத் தொடங்கியிருந்தேன். சினிமாத் திரை மாதிரி அகலமான படம். அப்போது வீடுகளில் இருந்ததெல்லாம் கிட்டத்தட்டச் சதுரமான பழைய பெட்டி டிவிதான். அகலப் படத்தை அதில் காட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, முழு அகலத்தையும் காட்டி, மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விடுவது. இன்னொன்று, டிவி நிறைய நடுப்பகுதியை மட்டும் காட்டி, இரண்டு ஓரத்தையும் விட்டுவிடுவது. இதை டிவிடி பிளேயரே செய்துகொள்ளும். 'இது அகலப் படம், இரண்டு மாதிரியும் காட்டலாம்' என்று டிஸ்க் தயாரிக்கும்போதே உள்ளே குறித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குறிப்பை மறந்துவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் முருங்கைக்காய் மாதிரி ஒல்லியாக நீண்டுபோய் நிற்பார்கள். நான் மறந்ததில்லை.

அந்தத் தை மாசத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். பெண் வீட்டார் அடிவாரத்து விவசாயக் குடும்பம். கீழே சொந்த நிலம். மலை மேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து, தோட்டத்திலேயே வீடு போட்டு, பாதி நாள் அங்கேதான் இருப்பார்கள். பெண்ணின் அப்பா உயரமான மனிதர். அதிகம் பேச மாட்டார், பேசினால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அம்மா அவருக்கு நேர் எதிர். என்னைப் பார்த்த முதல் நாளே "கண்ணு" என்று கூப்பிட்டு, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனவர். ஏதோ வேண்டுதல் என்று கல்யாணத்தை மலைமேல் இருக்கிற கோயிலில் வைத்திருந்தார்கள்.

கோயில் மண்டபத்தில் நல்ல வெளிச்சம். நான் ஸ்டாண்டை ஒரு திட்டமான இடத்தில் நிறுத்தி, நடுவில் பெண் மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் சனம் என்று அகலமாக ஒரு பிரேம் வைத்துக்கொண்டேன். தாலி கட்டி முடிந்து கூட்டம் கலைகிற வரைக்கும் அதை அசைக்கவில்லை. ஒரே கேமரா என்பதால், தாலி கட்டும்போது குறுக்கே வம்பு எதுவும் வேண்டாம் என்பது என் கணக்கு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் என்னையும் என் கணவரையும் உட்கார வைத்து அந்த அம்மாவே பரிமாறினார்.

கொஞ்ச நாள் கழித்து, டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் பார்த்து அந்த அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். அவர்களின் சொந்தக்காரர்களில் யாருக்கு என்ன கோபம், யார் எந்தப் புடவையில் வந்திருந்தார்கள் என்று எனக்கு விளக்கம் வேறு.

தாலி கட்டுகிற இடம் வந்தது. கெட்டிமேளம். எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். திடீரென்று அந்த அம்மாவின் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, படத்தின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, கூட்டத்துக்குப் பின்னால், ஒரு தூணை ஒட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். பச்சைப் பட்டுப் புடவை, இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. எடிட் செய்யும்போதே அவளைக் கவனித்திருந்தேன். கல்யாணத்துக்கு வந்த மாதிரி உடுத்தியிருக்கிறாள், ஆனால் யாரோடும் சேர்ந்து நிற்கவில்லையே என்று தோன்றியது. கோயிலுக்கு வந்த யாரோ என்று விட்டுவிட்டேன்.

"நிறுத்துங்க அம்மிணி" என்றார் அப்பா.

நிறுத்தினேன். படம் அந்த இடத்திலேயே நின்றது. அவரும் அந்த ஓரத்தைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"அந்த மொகம் எம்பட ஊட்டு டிவில வரக்கூடாதுங்க. வெட்டிப்போடுங்க."

"அய்யா, அது தாலி கட்டற இடம். இந்த ஒரு படம்தான் இருக்கு. அவங்களை மட்டும் தனியா எடுக்க முடியாதுங்க."

"ஓரத்துலதான நிக்கறா. ஓரத்த எடுத்துப்போடுங்க."

"ரெண்டு ஓரமும் போயிடுங்க. உங்க சொந்தக்காரங்க சில பேரும் சேர்ந்து போயிடுவாங்க."

"போகட்டும்."

அவ்வளவுதான். எழுந்து, சோளக்காட்டில் மிளகு வியாபாரி ஒருத்தரைப் பார்க்க வேண்டும், வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கண்ணு, அவ எம்பட பெரிய புள்ளை சாமி" என்றார். திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் பெரியவள் ஒருத்தரை விரும்பி, வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாளாம். அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. குழந்தை பிறந்தது காதுக்கு வந்ததோடு சரி. "தங்கச்சிக்காரிதான் போன் பண்ணிச் சொல்லியிருப்பா. இவ வந்திருந்ததே எனக்குத் தெரியாதுங்க. மணைக்குப் பக்கத்துல கையக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். திரும்பிப் பாத்திருந்தாப் போதுமே."

அந்தப் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை. குழந்தையைப் பார்த்து, "மூக்கு அவுங்க அப்புச்சி மூக்குங்க" என்றார். அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. சற்று முன்னால் வெட்டிப்போடச் சொல்லிவிட்டுப் போன மனிதரைத்தான் சொல்கிறார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வெட்டிப்போட்டா அது எங்க போகும் கண்ணு?"

"எங்கேயும் போகாதுங்கம்மா. கேமராவுல எடுத்த கேசட்ல அப்படியே இருக்கும்" என்றேன்.

"எனக்குக் கேசட்டெல்லாம் போடத் தெரியாதே" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இதைச் செய்து கொடு, அதைச் செய்து கொடு என்று கெஞ்சியிருந்தால்கூட நான் மறுத்திருப்பேனோ என்னவோ. கேட்காமல் போனதுதான் என்னை உட்கார விடவில்லை.

தனியாக ஒரு டிஸ்க் போட்டு அவர் கையில் கொடுக்கலாம். ஆனால் அதை அவர் எங்கே ஒளித்து வைப்பார், யார் கண்ணிலாவது பட்டால் என்ன சொல்வார்? யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. ஓரத்தை நான் வெட்டவே வேண்டியதில்லை. நானே வெட்டி, மீதிப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் முகமெல்லாம் மங்கிப் போகும், அதுவே எனக்குப் பிடிக்காத வேலை. படத்தை அகலமாகவே டிஸ்க்கில் எழுதிவிட்டு, அவர்கள் வீட்டுப் பிளேயரில் டிவி நிறையக் காட்டும்படி வைத்துவிட்டால், ஓரத்தைப் பிளேயரே விட்டுவிடும். அப்பா, அந்தப் பெரியவர், பார்க்கும்போது மூத்த மகள் திரையில் இருக்க மாட்டாள். அதே டிஸ்க்கை, கருப்புப் பட்டை வருகிற மாதிரி மாற்றிப் போட்டால் தாய்க்கு மகளும் பேரனும் தெரிவார்கள். ஒரே டிஸ்க். ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் பயந்தார். "அடுத்தவங்க குடும்ப விஷயம். நீ டிஸ்க் போடற வேலைய மட்டும் பாரேன்."

"டிஸ்க் போடற வேலையத்தான் பாக்கறேன்" என்றேன்.

அந்த அம்மாவிடம் மட்டும் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பார்த்தபோது தனியாகக் கூப்பிட்டு விவரத்தைச் சொல்லி, "அய்யாவுக்குத் தெரிஞ்சுட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டேன்.

"வைவாரு. வையட்டும். கை நீட்டற மனுசன் இல்லீங்க கண்ணு" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சந்தை நடுவில் அப்படி ஒரு சிரிப்பு.

டிஸ்க் எழுத உட்கார்ந்த நாள் மலையில் காற்று. கரண்ட் ஆபீஸ்காரர் வீடு என்று பெயர்தான், எங்கள் வீட்டிலும் ஊரோடு சேர்ந்துதான் கரண்ட் போகும். முதல் டிஸ்க் பாதியில் போனது. கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யூபிஎஸ் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும் என்று நம்பினேன், தாங்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்று அடங்கி வோல்டேஜ் நிலையாகும் வரை காத்திருந்து மறுபடி போட்டேன். இந்தத் தடவை நல்லபடியாக முடிந்தது. எங்கள் வீட்டுப் பழைய டிவியில் போட்டுப் பார்த்தேன். டிவி நிறையப் படம், பளிச்சென்று இருந்தது. தாலி கட்டும் இடத்தில் வலது ஓரத்தில் யாரோ ஒரு மாமாவின் தோள்பட்டையோடு படம் முடிந்தது. ரிமோட்டில் மாற்றினேன். மேலும் கீழும் கருப்புப் பட்டை வந்தது, படம் சற்றுச் சிறிதானது, தூணும் பச்சைப் புடவையும் வந்துவிட்டன. என் கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை மாத்து" என்றார். மாற்றினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குண்டூர் நாட்டு வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தார்கள். பிளேயரை இணைத்து, டிவி நிறையக் காட்டும்படி வைத்து, டிஸ்க்கைப் போட்டேன். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தாலி கட்டும் இடம் வந்தபோது ஓரத்தைக் கவனித்தார். ஒன்றுமில்லை. "நல்லாத் தெளிவா இருக்குதுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மற்றவர்கள் சாப்பாட்டு வேலையில் இருந்தபோது, ரிமோட்டில் எந்தப் பட்டனை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பட்டனின் இடத்தை விரலால் தடவித் தடவி மனப்பாடம் செய்துகொண்டார். திரும்பப் பழையபடி மாற்றுவதையும் செய்து பார்த்தார். நான் கிளம்புகிற வரைக்கும் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

பங்குனி மாசம் ஒரு நாள் மத்தியானம், வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பார்த்தால் பெரியவர். தனியாக. கையில் என் டிஸ்க். என் கணவர் கரண்ட் லைன் வேலைக்குப் போயிருந்தார். "வாங்கய்யா, உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை.

"இதுல என்னமோ பண்ணியிருக்கீங்க அம்மிணி" என்றார்.

மழுப்பலாம். பிளேயர் அப்படிக் காட்டுகிறது, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. "ஆமாங்கய்யா. உங்க டிவில வரக்கூடாதுன்னு சொன்னீங்க, வராத மாதிரி வச்சேன். ஆனா டிஸ்க்லருந்து எடுக்கலைங்க. அம்மா பாக்கணும்னு விட்டு வச்சேன். அவங்க கேக்கலை, நானாத்தான் செஞ்சேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு ஒரு திருப்தி.

அவர் தலையாட்டினார். பிறகு சொன்னார். முந்தின நாள் தோட்டத்தில் இருந்தபோது பொசுக்கென்று மழை பிடித்துக்கொண்டதாம். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. "மேலயும் கீழயும் கருப்பாப் பட்டை. டிவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேனுங்க. பாத்தா, படம் அசையாம நிக்குது. எங்க ஊட்டுக்காரி டிவிக்கு முன்னால உக்காந்து, ஓரத்துல கைய வச்சுட்டு இருக்கறா. மழைச் சத்தத்துல நான் வந்தது கேக்கல."

"என்னய்யா சொன்னீங்க அவங்களை?"

"ஒண்ணும் சொல்லலீங்க. மழையிலயே திரும்பித் தோட்டத்துக்குப் போயிட்டேன்."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்குக் கல்யாணத்துல அந்தப் புள்ளை சாப்பிட்டாளாங்க?"

எனக்குத் தெரியாது. ஆனால் கேசட் இருந்தது. அன்று மண்டபத்தில் எடுத்ததெல்லாம் வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே இருந்தது. "பாக்கலாங்கய்யா" என்று சொல்லிவிட்டு கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். சில இடங்களை நானும் அன்றுதான் முதல் முறையாகச் சரியாகப் பார்த்தேன். எடிட் செய்யும்போது பெண் மாப்பிள்ளையைத்தானே பார்ப்போம்.

சடங்கு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் வந்து தூண் பக்கம் நிற்கிறாள். குழந்தை தூணைத் தட்டுகிறது, அவள் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பா ஏதோ வேலையாக இந்தப் பக்கம் கடந்து போகும்போது சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறாள். அவர் போனதும் மறுபடி வருகிறாள். தாலி ஏறுகிறது. எல்லோருக்கும் தட்டில் அட்சதை கொடுத்தார்களே, அவளுக்கு யார் கொடுத்திருப்பார்கள்? அவள் இடுப்பிலிருந்த சின்னப் பையிலிருந்து எதையோ எடுத்து, குழந்தையின் கையிலும் கொஞ்சம் வைத்து, அங்கிருந்தே போடுகிறாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். அது எங்கே மணமேடை வரைக்கும் வரும்? முன்னால் நின்றவர்களின் முதுகில்தான் விழுந்திருக்கும். அந்த நேரம் மணையில் இருக்கிற தங்கை தலையை நிமிர்த்தி அந்தத் தூணைப் பார்க்கிறாள். கேமராவைத் தேடுகிறாள் என்று நான் அன்று நினைத்தது அதைத்தான்.

பிறகு கூட்டம் கலைந்து எல்லோரும் பந்திக்கு இடது பக்கம் போகிறார்கள். அவள் வலது பக்கம், வாசலைப் பார்த்து நடக்கிறாள். தோளில் கிடந்த குழந்தை மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறது. அப்புறம் வெறும் தூண்தான்.

"சாப்பிடாமப் போயிட்டா" என்றார் பெரியவர்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கூப்பிட்டார்.

"அம்மிணி, இதுல நடுவாப்புல இருக்கறதெல்லாம் வேண்டாமுங்க. அந்த ஓரம் மட்டும் ஒரு போட்டோவா வருமுங்களா?"

"வருங்க. சின்னதா இருக்கறதைப் பெருசாக்கணும். கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும்."

"அடையாளம் தெரிஞ்சாப் போதும்."

என்னிடம் ஒரு சின்ன கலர் பிரிண்டர் இருந்தது. அவள் குழந்தையின் கையில் அட்சதையை வைக்கிற இடத்தில் படத்தை நிறுத்தி, அந்தப் பகுதியை மட்டும் எடுத்து, என்னால் முடிந்த அளவு தெளிவாக்கி அச்செடுத்துக் கொடுத்தேன். என் கையால் வெளியே போனதிலேயே தரம் குறைந்த படம் அதுதான். மங்கல், முகத்தில் புள்ளி புள்ளியாக வேறு. பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஈரம் காயட்டும் என்று சொன்னதைக் கேட்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். சித்திரைக் கடைசியில் சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துவிட்டு, பலாப்பழக் கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். பெரியவர் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திருப்பூர் போயிருக்கிறார். போட்டோவை வைத்துக்கொண்டு மகளின் கம்பெனி இருந்த தெருவில் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். மகள் ஓடிவந்து காலில் விழவெல்லாம் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாளாம். இவரும் வாசலிலேயே நின்றாராம். உள்ளே வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை, வரட்டுமா என்று இவரும் கேட்கவில்லை.

"பொறகு மாப்பிள்ளைதான் வந்து, வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க மாமான்னு கூப்புட்டிருக்குது கண்ணு. போயி உக்காந்திருக்கறாரு. அவ சோத்தப் போட்டு முன்னால வச்சாளாம். இவரு, நீ மொதல்ல சாப்பிடு சாமி, நான் பாக்கோணும்னு சொன்னாராம்."

இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழுதுவிட்டார். நானும்தான். பலாப்பழக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பெரிய மகள் அந்த வருஷம் முழுக்க வீட்டுக்கு வரவில்லை. அவளுக்கும் கோபம் இருக்காதா? போனில் அம்மாவோடு மட்டும் பேசினாள். அடுத்த வருஷம் குழந்தைக்குக் காது குத்த மலைக்கோயிலுக்கு வந்தார்கள். என்னைத்தான் வீடியோவுக்குக் கூப்பிட்டார்கள். பையன் அப்புச்சியின் மடியில் உட்கார்ந்து மலையே அதிரும்படி கத்தினான். அவன் அம்மா நடுவில் நின்றுகொண்டு, "லைட் கண்ணக் கூசுதுங்க அக்கா" என்று என்னை அதட்டிக்கொண்டிருந்தாள். நான் தள்ளி வைத்தேன். அவளுக்கு நான் யார் என்று தெரியுமா, அந்த டிஸ்க் விஷயத்தை யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு மாற்றல் வந்து மலையை விட்டு இறங்கிவிட்டோம். இப்போது டிவி எல்லாமே அகலமாக வருகிறது, டிஸ்க் கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள். நான் இன்னும் எடிட்டிங் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அன்று அந்தப் பெரியவர் சொன்னபோது, "சரிங்க" என்று ஓரத்தை வெட்டிக் கொடுத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. "முடியாதுங்க" என்று மறுத்திருந்தால் வேறு யாரிடமாவது போய் வெட்டி வாங்கியிருப்பார். செய்கிற வேலையை அடி வரைக்கும் தெரிந்து வைத்திருந்ததால்தான் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி எனக்குக் கிடைத்தது. அதனால்தான், தெரிந்த வேலையில்கூட இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்ள இன்றைக்கும் எனக்கு அலுப்பே வருவதில்லை.